பாறையைப் பிளக்கலாமா?

தூத்துக்குடிக்கு வடமேற்கே அமைந்த ஊர் ஓட்டப்பிடாரம். கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த ஊர் அது. வீரபாண்டிய கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் அவ்வூரை அடுத்தே உள்ளது. அவ்வட்டாரத்து நிலம் பெரும்பாலும் கரிசல். வானம் பொழிந்தால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் விளையும். பொய்த்தால் கண்மாய்கள் வறண்டு வெடித்துக் கிடக்கும். கிழக்கே சிறிது தொலைவு சென்றால், முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற மன்னார் வளைகுடா அலை வீசும். மழையை நம்பி உழும் உழவரும், கடலை நம்பி வலை வீசும் பரதவரும் வாழும் நாடு அது.

இத்தகைய நாட்டில் வாழ்வோர்க்கு நீரின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஏர் உழும் மேல்மண்ணும் கிணறு எட்டும் நீருமே அவர்கள் நன்கு அறிந்த நிலம். ஆயினும், கிணறு எட்டும் ஆழத்திற்கும் மிகக் கீழே, ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், பாறைகளின் இடுக்குகளில் எரிவாயு என்னும் செல்வம் உறைந்து கிடக்கக்கூடும் என அறிவியல் கூறுகிறது. பாறையைப் பிளந்து அச்செல்வத்தை எடுக்கலாமா, எடுத்தல் ஆகாதா என்பது உலகின் பல நாடுகளில் பெரிய வழக்காக எழுந்துள்ளது. தமிழ்நாட்டிலும் அவ்வழக்கு எழுந்தது. அதன் இயல்பையும், அதனைத் தீர்க்கும் நெறியையும் ஆராய்வது நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நீரடியில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் உடல்கள் சேற்றோடு சேறாகப் படிந்தன. அவற்றின்மீது மேலும் மேலும் மண் படிந்தது. மண்ணின் சுமையாலும் நிலத்தின் உள்வெப்பத்தாலும் சேறு பாறையாயிற்று. உயிர்ப்பொருள் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறிற்று. கரியும் நீரகமும் சேர்ந்து ஆகிய இப்பொருள்களுக்கு ஹைட்ரோகார்பன் என்பது பொதுப்பெயர். அவற்றுள் மிக எளியது மீத்தேன் என்னும் வாயு. அது நிறமும் மணமும் அற்றது, எளிதில் எரிவது.

இவ்வாயு எல்லாப் பாறைகளிலும் ஒரே விதமாகத் தங்குவதில்லை. மணற்பாறையில் நுண்டுளைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும். அங்குத் தங்கிய வாயு, மேலே ஒரு துளை இட்ட அளவில் தன் அழுத்தத்தாலேயே எழுந்து வரும். இது தொன்றுதொட்டு வரும் முறை. ஷேல் எனப்படும் களிப்பாறையின் நிலை வேறு. அதன் நுண்டுளைகள் மிகச் சிறியன. தம்முள் தொடர்பு அற்றன. ஆதலால் அதனுள் அடங்கிய வாயு தானே வெளிப்படாது. பாறையைப் பிளந்தே அதனைப் பெறல் வேண்டும். நிலக்கரிப் படுகையிலுள்ள மீத்தேனோ, நீரின் அழுத்தத்தால் கரியோடு ஒட்டிக் கிடக்கும். அதனைப் பெறுவதற்குப் படுகையிலுள்ள நீரை முதலில் இறைத்து வெளியேற்றுதல் வேண்டும். இம்மூன்றையும் ஒன்றென மயங்கினால் வழக்கின் பொருளே விளங்காது.

பாறையைப் பிளக்கும் முறைக்கு நீரியல் விரிசல் முறை என்று பெயர். மேனாட்டார் அதனைச் சுருக்கமாக ‘ஃபிராக்கிங்’ என்பர். முதலில் ஒரு துளை நேர்க்கீழாக ஒரு கிலோமீட்டர் முதல் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறக்கப்படும். களிப்பாறையை அடைந்ததும் அத்துளை வளைந்து, கிடைமட்டமாக நெடுந்தொலைவு செல்லும். துளையினுள் எஃகுக் குழாய் செருகி, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெளியைச் சிமெண்டினால் அடைப்பர். பின்னர்க் குழாயின் அடிப்பகுதியில் சிறு வெடிகளால் துளைகள் உண்டாக்கி, நீரும் மணலும் சில வேதிப்பொருள்களும் கலந்த கலவையை மிகுந்த அழுத்தத்தோடு உட்செலுத்துவர். அவ்வழுத்தம் தாங்காமல் பாறையில் விரிசல்கள் தோன்றும். மணற்பரல்கள் அவ்விரிசல்கள் மீண்டும் மூடிக்கொள்ளாதவாறு முட்டுக்கொடுத்து நிற்கும். அவற்றின் வழியே வாயு கசிந்து குழாயை அடையும். உட்செலுத்திய நீரில் ஒரு பகுதி, ஆழத்திலுள்ள உப்புகளையும் பிற பொருள்களையும் கலந்துகொண்டு மேலே திரும்பும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கான்சாஸ் மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டு இம்முறை முதன்முதல் சோதிக்கப்பட்டது. 1949-இல் தொழிலாகத் தொடங்கிற்று. எனினும், களிப்பாறை வாயுவைப் பேரளவில் எடுக்கும் திறன் நெடுங்காலம் கைகூடவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் ஜார்ஜ் மிட்செல் என்னும் தொழிலதிபரின் நிறுவனம் பல்லாண்டு முயன்று, 1990-களின் இறுதியில் வழி கண்டது. அதனோடு கிடைமட்டத் துளையிடும் திறனும் சேர்ந்தபின், அந்நாட்டின் வாயு உற்பத்தி விரைந்து பெருகிற்று. அது இன்று இயற்கை எரிவாயு உற்பத்தியில் உலகின் முதலிடத்தில் நிற்கிறது.

இம்முறையை ஆதரிப்போர் கூறும் காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கும் மேலாகப் பிறநாடுகளிலிருந்து வாங்குகிறது. இயற்கை எரிவாயுவிலும் ஏறத்தாழப் பாதி வெளியிலிருந்தே வருகிறது. அயல்நாட்டில் போர் மூண்டால் இங்கு அடுப்பெரிக்கும் செலவு ஏறுகிறது. உரத் தொழிற்சாலைகளுக்கு எரிவாயுவே மூலப்பொருள். ஆகவே உழவனுக்கும் அது வேண்டும். மின்னாக்கத்தில் நிலக்கரிக்கு மாற்றாக எரிவாயுவை எரித்தால் கரிப்புகை குறையும். நிலப்பகுதியில் எண்ணெயும் வாயுவும் எடுக்கப்படும்போது மாநில அரசுக்கு உரிமைத்தொகை கிடைக்கும். உள்நாட்டுச் செல்வத்தை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு அயலாரிடம் கையேந்துதல் அறிவுடைமை ஆகுமா என்று அவர்கள் வினவுகின்றனர்.

எதிர்ப்போர் கூறும் காரணங்களும் அவ்வாறே எண்ணிப் பார்க்கத்தக்கன. முதலாவது நீர். களிப்பாறைக் கிணறு ஒன்றனுக்கே கோடிக்கணக்கான லிட்டர் நீர் தேவைப்படும். குடிநீர்க் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் அந்நீர் எங்கிருந்து வரும்? இரண்டாவது கசிவு. குழாயைச் சுற்றிய சிமெண்டு பழுதுற்றால், மேலேயுள்ள நன்னீர் ஊற்றுகளில் வாயுவும் கழிவும் கலக்க இடமுண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, சில சூழ்நிலைகளில் இப்பணிகள் குடிநீர் வளத்தைப் பாதிக்கக்கூடும் என்று முடிவுரைத்தது. ‘எங்கும் கெடுக்கும்’ என்றும் அது கூறவில்லை; ‘எங்கும் கெடுக்காது’ என்றும் கூறவில்லை.

மூன்றாவது நில அதிர்ச்சி. இங்கிலாந்தில் பிளாக்பூல் நகரத்தருகே 2011-இல் இப்பணியின்போது சிறு அதிர்ச்சிகள் உண்டாயின. மீண்டும் 2019 ஆகஸ்டில் 2.9 அளவுடைய அதிர்ச்சி நேர்ந்ததும், அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டு அரசாங்கம் பணியை நிறுத்தி வைத்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 2016 செப்டம்பரில் 5.8 அளவுடைய அதிர்ச்சி ஏற்பட்டது. எண்ணெய்க் கிணறுகளின் கழிவுநீரை ஆழத்துப் பாறைகளில் திரும்பச் செலுத்தியதோடு அறிஞர்கள் அதனைத் தொடர்புபடுத்தினர். நான்காவது, மீத்தேன் எரியாமல் காற்றில் கசிந்தால் நேரும் தீங்கு. இருபதாண்டுக் கால அளவில் நோக்கின், அது கரியமிலவாயுவைக் காட்டிலும் எண்பது மடங்குக்கு மேல் பூமியை வெப்பமாக்கவல்லது. ஆகவே, கசிவு மிகுந்தால் நிலக்கரியினும் தூயது என்னும் சிறப்பு எரிவாயுவுக்கு இல்லாமற் போகும்.

அறிவியல் இத்துணையும் எடுத்துக் கூறியபின், முடிவு தானே விளங்கிவிடும் என்று எண்ணுதல் கூடும். அது பிழை என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று உண்டு. மார்செல்லஸ் என்னும் களிப்பாறைப் படுகை பென்சில்வேனியா மாநிலத்தின் கீழும், அதன் அண்டை மாநிலமாகிய நியூயார்க்கின் கீழும் பரந்து கிடக்கிறது. பாறை ஒன்றே, அதனைப் பற்றிய அறிவியலும் ஒன்றே. பென்சில்வேனியா துளையிட இசைந்தது. அங்குப் பல்லாயிரம் கிணறுகள் தோன்றின. நியூயார்க்கு மாநிலமோ 2008 முதல் அனுமதியை நிறுத்தி வைத்து, மக்கள் உடல்நலத்தின்மீது அதன் விளைவு யாது என ஆராய்ந்து, 2014 டிசம்பரில் தடையை அறிவித்தது. 2020-இல் அதனைச் சட்டமாகவே ஆக்கிற்று.

அத்தீர்ப்புக்கு முன்னரே அம்மாநிலத்துச் சிற்றூர்கள் பல தத்தம் எல்லைக்குள் துளையிடுதல் கூடாது என்று விதி வகுத்திருந்தன. டிரைடன் என்னும் ஊர் அவற்றுள் ஒன்று. ‘ஊர் மன்றத்திற்கு இவ்வதிகாரம் உண்டோ?’ என்ற வழக்கு மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் வரை சென்றது. தன் நிலத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்று விதி செய்யும் உரிமை ஊருக்கு உண்டு என 2014 ஜூன் மாதத்தில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் பிரான்சு நாடு 2011-ஆம் ஆண்டே நீரியல் விரிசல் முறையைச் சட்டத்தால் தடுத்தது. இவற்றால் ஓர் உண்மை புலனாகும். இவ்வளவு ஆதாயம் வரும், இவ்வளவு இடர் வரும் என்று அளந்து கூறுவது அறிவியலின் தொழில். அந்த ஆதாயத்துக்காக அந்த இடரைத் தாங்கலாமா என்று முடிவு செய்வது மக்களின் தொழில்.

தமிழ்நாட்டில் இவ்வழக்கு காவிரிப் படுகையில் எழுந்தது. அங்கு எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கிணறுகள் தோண்டி வந்துள்ளது. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்து எண்ணெய் நாடறிந்தது. இப்பணிகளால் பெரும் கலகம் எதுவும் நெடுங்காலம் நிகழவில்லை. பின்னர் 2010-ஆம் ஆண்டில், மன்னார்குடியைச் சூழ்ந்த பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேனை எடுக்கத் தனியார் நிறுவனம் ஒன்றனுக்கு மத்திய அரசு உரிமை வழங்கிற்று. படுகையிலிருந்து நீரை இறைத்தாலன்றி அவ்வாயு வாராது என்பதை உழவர் அறிந்தனர். மேலுள்ள நீர் கீழிறங்கும், கடல்நீர் உட்புகும், வயல் உவராகும் என்று அஞ்சினர். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இதனை எடுத்துரைத்தார். அப்பணியில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே, 2013 டிசம்பர் 30-ஆம் நாள், பட்டுக்கோட்டைப் பகுதியில் அவர் உயிர் நீத்தார். மாநில அரசு 2013-இல் திட்டத்தை நிறுத்தி, வல்லுநர் குழுவை அமைத்து ஆராய்ந்து, 2015 அக்டோபரில் அனுமதி மறுத்தது.

அவ்வச்சம் தணியும் முன்னர் மற்றொன்று எழுந்தது. எண்ணெய், எரிவாயு ஆகியவற்றுக்கான உரிமம் குறித்து மத்திய அரசு 2016-இல் புதிய கொள்கை வகுத்தது. அதன்படி, மரபுவழி வாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், களிப்பாறை வாயு ஆகிய யாவற்றுக்கும் ஒரே உரிமம் போதும். 2017 பிப்ரவரி 15-ஆம் நாள் இசைவளிக்கப்பட்ட இடங்களுள் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் ஒன்று. மறுநாளே அவ்வூர் மக்கள் போராட்டம் தொடங்கினர். ‘இங்கு எடுக்கப்படுவது மரபுவழி வாயுவே, அதற்குச் சிறு அளவு நிலமே போதும்’ என்று அரசின் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது. ‘உரிமம் எல்லாவற்றுக்கும் இடம் தருகிறதே, நாளை பாறையைப் பிளக்க மாட்டார்கள் என்பதற்கு உறுதி யாது?’ என்று மக்கள் வினவினர். இவ்விரு கூற்றும் பொய் அல்ல. ஒரு தரப்பு அன்று செய்யக் கருதிய செயலைக் கூறிற்று. மறு தரப்பு உரிமத்தில் எழுதியிருந்த அதிகாரத்தைக் கூறிற்று. அவ்வாண்டு ஜூன் 30-ஆம் நாள், தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் குழாய் ஒன்று கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது மக்களின் ஐயத்தை மிகுவித்தது. நெடுவாசல் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

இத்தகைய முடிவை எடுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது? இந்திய அரசியலமைப்பின்படி எண்ணெய்வயல்களை நெறிப்படுத்துவது ஒன்றியப் பட்டியலில் அடங்கும். நிலமும் வேளாண்மையும் மாநிலப் பட்டியலில் அடங்கும். ஆதலால் ஒரே வயலின் மேற்பரப்பு ஓர் அரசின் ஆட்சிக்கும், அதன் அடிப்பகுதி மற்றோர் அரசின் ஆட்சிக்கும் உட்பட்டதுபோல் தோன்றும். தனக்குரிய அதிகாரத்தைக் கொண்டு தமிழ்நாடு சட்டமன்றம் 2020 பிப்ரவரி 20-ஆம் நாள் ‘தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம்’ ஒன்றை இயற்றிற்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அம்மண்டலத்தில் அடங்கின. எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், களிப்பாறை வாயு ஆகியவற்றைத் தேடுதலும் துளையிடுதலும் எடுத்தலும் அங்குப் புதிதாகத் தொடங்கப்படுதல் கூடாது. முன்னரே நடைபெற்று வந்த பணிகளை அச்சட்டம் தடுக்கவில்லை.

இச்சட்டம் நெல் விளையும் நாட்டிற்கு ஒரு வேலி ஆயிற்று. வேலி என்று ஒன்று இருந்தால், அதற்குப் புறம்பான நிலமும் உண்டு. ஓட்டப்பிடாரத்துக் கரிசலும் இராமநாதபுரத்து வறண்ட நிலமும் அவ்வேலிக்கு வெளியே நிற்கின்றன. ஆற்றுநீர் பாயும் வயலுக்கு நிலத்தடி நீர் துணை. ஆறில்லாத ஊருக்கோ அதுவே உயிர். கோடையில் ஒரு கிணறு உவராயின், அவ்வூருக்கு வேறு நீர் இல்லை. ஆகவே, ‘வளமில்லாத நிலந்தானே, துளைத்தால் என்ன?’ என்று கேட்பது பொருந்தாது. வளம் குறைந்த நிலத்திலேதான் சிறிய இழப்பும் பெரிய இழப்பாகிறது.

சட்டம் எவ்வாறிருப்பினும், மக்கள் தம் கருத்தைக் கூற ஒரு வாயில் முன்னர் இருந்தது. பெருந்திட்டம் ஒன்றனுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்குமுன், அவ்விடத்து மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பது முறை. மத்திய அரசு 2020 ஜனவரியில் விதியைத் திருத்தியபின், எண்ணெயும் வாயுவும் உண்டோ என்று தேடும் ஆய்வுக் கிணறுகளுக்கு அக்கூட்டம் தேவையில்லை என ஆயிற்று. ஆய்வு என்பது தேடுதல் மட்டுமே, எடுத்தல் அன்று என்பது அதற்குக் கூறத்தக்க காரணம். ஆய்வுக் கிணறுகள் யாவும் பாறையைப் பிளப்பன அல்ல என்பதும் மெய்யே. ஆயினும், நிலத்தில் துளை விழுந்து, செலவும் செய்து, வாயுவும் கண்ட பின்னர், ‘வேண்டா’ என்னும் சொல்லுக்கு வலிமை மிகக் குறைந்துவிடும்.

இதன் விளைவு 2025-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் காணப்பட்டது. அங்கு இருபது ஆய்வுக் கிணறுகள் தோண்ட எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்திற்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அவ்வாண்டு மார்ச்சு மாதம் அனுமதி அளித்தது. செய்தி பரவியபின் உழவரும் மீனவரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தமிழ்நாட்டில் எங்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்திற்கு இசைவதில்லை என்பது அரசின் நிலை என ஆகஸ்டில் மாநில அமைச்சர் அறிவித்தார். அனுமதியைத் திரும்பப் பெறுமாறும் ஆணையத்திற்கு அறிவுறுத்தப்பட்டது. முதலில் அனுமதி, பின்பு எதிர்ப்பு, அதன்பின் மறுப்பு என்று முறை தலைகீழாக நின்றது. முதலிலேயே ஊரைக் கேட்டிருந்தால், அக்கழகத்தின் முயற்சியும் மக்களின் அமைதியும் வீணாகியிரா.

இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை கடலோரமாக அமைந்த இருபத்தொரு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. மன்னார் வளைகுடா 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. கடற்பசுவும் கடலாமையும் கடல்தாழைப் படுகையும் அங்குள்ளன. கரையில் நிகழ்வது கடலைச் சாரும். கடலில் நிகழ்வது வலையைச் சாரும். ஆகவே இக்கரையோர மக்கள் இவ்வழக்கை அயலூர் வழக்கென்று கருதுவதற்கில்லை.

உரிய காலத்தில் பேசித் தீர்க்காத வழக்கு என்ன ஆகும் என்பதையும் தூத்துக்குடி அறியும். அந்நகரத்துத் தாமிர உருக்காலையைப் பற்றிய முறையீடுகள் பல்லாண்டு தொடர்ந்தன. 2018 மே மாதம் 22-ஆம் நாளும் அதனை அடுத்தும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவர் உயிரிழந்தனர். மே 28-ஆம் நாள் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. ஆலை வேண்டும் என்றோரும் வேண்டா என்றோரும் வாழ்ந்த ஊரே அது. மூடியபின் வேலை இழந்தோர் துயரும், மாண்டோர் குடும்பத்தின் துயரும் அவ்வூரிலேயே தங்கின. மன்றத்தில் பேச வேண்டியதைத் தெருவில் பேச நேர்ந்தால், எப்பக்கம் வென்றாலும் ஊர் தோற்கும்.

இயற்கைச் செல்வத்தை எடுக்குமுன் ஆராயவேண்டும் என்னும் நெறி இக்கடற்கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். முத்துக்குளிப்பு விழாவைச் ‘சலாபம்’ என்பர். சலாபம் ஆண்டுதோறும் தானே நிகழ்ந்ததில்லை. அதற்கு முன்னர் அதிகாரிகள் கடலுக்குச் சென்று பார்களைச் சோதிப்பர். குளியாட்கள் மூழ்கிச் சிப்பிகளை எடுத்து வருவர். அவை இளையனவோ முதிர்ந்தனவோ என நோக்குவர். மாதிரிக்கென எடுத்த சிப்பிகளிலிருந்து முத்துகளைப் பிரித்து, அவற்றின் விலையை மதிப்பர். சிப்பி முதிராவிடின் அவ்வாண்டு சலாபம் இல்லை. முதிர்ந்திருந்தால்தான் நாள் குறித்து அறிவிப்பர்.

இத்துணை எச்சரிக்கை இருந்தும் அச்செல்வம் நிலைக்கவில்லை. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் ஆண்டுதோறும் சலாபம் நடைபெற்றது, அதன்பின் நடைபெறவில்லை. கொற்கைக் காலம் முதல் புகழ்பெற்று விளங்கிய முத்துப் பார்கள் வெறுமையாயின. எச்சரிக்கையோடு எடுத்த செல்வமே மீளாது மறையக்கூடுமாயின், எச்சரிக்கையின்றி எடுப்பதன் முடிவு யாதாகும்? சிப்பியாவது உயிருள்ளது, சூழல் வாய்த்தால் மீண்டும் பெருகலாம். பிளந்த பாறையை இணைக்கும் கைத்திறம் இன்னும் தோன்றவில்லை. கெட்ட ஊற்றைத் தெளிவிக்க எத்துணைத் தலைமுறை வேண்டும் என்பதை அளந்து கூறுவாரும் இலர்.

ஆதலால், ஒரு திட்டம் வரும்போது ஊரார் கேட்கத்தக்க வினாக்கள் சில உள. எடுக்கப்போவது எவ்வகை வாயு? எம்முறையால்? நீர் எங்கிருந்து வரும். கழிவுநீர் எங்கே போகும்? ஆதாயம் யாருக்கு, இடர் யாருக்கு? கிணற்றின் காலம் முடிந்தபின் அதனை அடைத்துக் காக்கும் பொறுப்பு யாருடையது? எதிர்பாராத கேடு நேர்ந்தால் அதனை மீட்க இயலுமா? இவற்றுக்குத் தெளிந்த விடை கிடைக்குமாயின், இசைவதில் இழுக்கில்லை. விடை கிடையாதாயின், மறுப்பதிலும் இழுக்கில்லை. விடையை அறியாமல் இசைவதும், வினாவே எழுப்பாமல் மறுப்பதுமே இழுக்காகும். கூட்டத்தில் எழுந்து நின்று இவ்வினாக்களைக் கேட்பதற்கு, மீத்தேன் எது, களிப்பாறை எது, உரிமத்தில் எழுதியிருப்பது யாது என்று பகுத்தறியும் கல்வி வேண்டும். அக்கல்வி இல்லாதவிடத்து அச்சமும் ஆசையுமே வழக்கைத் தீர்க்கும்.

ஓட்டப்பிடாரத்துச் சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பற் கழகத்தை நிறுவினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே யாருடைய கப்பல் ஓடவேண்டும் என்பதை அயலார் முடிவு செய்திருந்த காலம் அது. அம்முடிவில் இக்கரையில் வாழ்வோர்க்கும் பங்கு உண்டு என்பதே அவர் செயலால் உணர்த்திய உண்மை. இன்று வழக்கு கடலின் மேற்பரப்பைப் பற்றியதன்று. நிலத்தின் அடிப்பரப்பைப் பற்றியது. காலம் மாறிற்று, ஆள்வோரும் மாறினர். எனினும் அவ்வுண்மை மாறவில்லை. நிலத்தின்மீது வாழ்வோரைக் கேட்ட பின்னரே நிலத்தின்கீழ்க் கைவைத்தல் முறையாகும். கேட்கும்போது அறிவோடு விடைகூற வல்லவராக இருத்தல் அம்மக்களின் கடமையாகும்.